ஏழு வாசகர்கள், ஒரு கதை: இணையவழிச் சிறுகதைப் பட்டறை பற்றிய மதிப்புரை

இணையவழியில் 12 வாரங்கள் நடந்த சிறுகதைப் பட்டறை ஒன்றில் கட்டணம் செலுத்திச் சேர்ந்து, ஒரு கதையை இரண்டு முறையும் இன்னொரு கதையை ஒரு முறையும் வாசிப்புக்கு வைத்து, உடன் பயின்ற ஏழு பேரின் பிரதிகளுக்கு மொத்தம் 21 குறிப்புக் கடிதங்கள் எழுதி முடித்திருக்கிறேன். நடத்துபவர்களின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பது ஒரு காரணம். இதே அமைப்பில் வேறு பலரும் பட்டறை நடத்துவதால், சேர நினைப்பவர் பெயரைவிட அமைப்பைக் கவனிப்பதே பயன் தரும் என்பது இன்னொரு காரணம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எழுதி முடித்த கதையொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தும் அது எது என்று பிடிபடாமல் இருக்கும் ஒருவருக்கு இந்தப் பட்டறையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். கதை எழுதுவது எப்படி என்று அடியிலிருந்து கற்க விரும்புபவருக்கு இது பொருந்தாது. அதற்கான விரிவுரை எதுவும் இங்கே நடப்பதில்லை.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு குழுவில் எட்டுப் பேர். கதை 3,000 சொற்களைத் தாண்டக் கூடாது. முதல் வாரம் விதிமுறைகளுக்கு. அடுத்த நான்கு வாரங்களில் வாரத்துக்கு இரண்டு கதைகள் வீதம் எல்லோருடைய கதைகளும் வாசிக்கப்படுகின்றன. பின்னர் இரண்டு வாரம் யாரும் எதையும் வாசிப்பதில்லை. அவரவர் கதையை அவரவர் திருத்தி எழுத வேண்டும். எட்டாம், ஒன்பதாம் வாரங்களில் திருத்திய வடிவங்கள் மீண்டும் குழுவுக்கு வருகின்றன. கடைசி மூன்று வாரங்கள் புதிய கதைக்கு. வாரம் ஒரு முறை காணொளிக் கூட்டம். மற்றவை எல்லாம் எழுத்தில்.

நான் இதில் சேர்ந்ததற்குக் காரணம், எழுதுபவர் பலருக்கும் பழக்கமான ஒன்றுதான். இதழ்களுக்கு அனுப்பிய கதைகள் காரணம் சொல்லப்படாமல் திரும்பின, அல்லது திரும்பவும் இல்லை. வீட்டிலும் நட்பிலும் வாசித்தவர்கள் “நன்றாக இருக்கிறது” என்றார்கள். சற்றுக் கூர்மையான நண்பர் ஒருவர் “இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போயிருக்கலாம்” என்றார். இந்த இரண்டு சொற்களையும் வைத்துக்கொண்டு கதையின் எந்த வரியையும் திருத்த முடியாது. ஆழம் என்பது எந்தப் பத்தியில் குறைந்தது, எந்தச் சொல்லைப் படித்தபோது அவருக்கு அப்படித் தோன்றியது என்று கேட்டால் அவரும் சங்கடப்படுவார், நானும் சங்கடப்படுவேன். அன்பின் காரணமாகச் சொல்லாமல் விடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். சொல்ல நினைப்பவருக்கும் சொல்லும் முறை கைவசம் இல்லை என்பதே உண்மையான தடை. பட்டறை இந்தத் தடையைத்தான் நீக்குகிறது.

அதற்கு அவர்கள் வைத்திருக்கும் கருவி ஒரு கடிதப் படிவம். கதையைப் படித்த ஒவ்வொருவரும் முதலில் அதன் கதையை நான்கே வாக்கியங்களில் தம் சொற்களில் திரும்பச் சொல்ல வேண்டும். பிறகு மூன்று வகை இடங்களை வரியோடு குறிக்க வேண்டும்: எங்கே கவனம் விலகியது, எங்கே குழம்பினேன், எதை நம்பவில்லை. எங்கே கதை தம்மை இழுத்துக்கொண்டது என்பதையும் அதே துல்லியத்தோடு குறிக்க வேண்டும். பாராட்டுக்கும் வரி எண் உண்டு. முதல் கடிதத்தில் எந்தப் பரிகாரமும் சொல்லக் கூடாது என்பது கண்டிப்பான விதி. “இந்தப் பாத்திரத்தை எடுத்துவிடுங்கள்”, “தன்மை ஒருமையில் சொல்லிப் பாருங்கள்” என்பன போன்ற யோசனைகள் இருந்தால் கடிதம் திருப்பி அனுப்பப்படும். தொடக்கத்தில் இந்த விதி எனக்கு எரிச்சலூட்டியது. என் கதை கோணலாக இருக்கிறது என்று தெரிந்துதானே வந்திருக்கிறேன், நிமிர்த்தும் வழியைச் சொன்னால் என்ன என்று நினைத்தேன். மூன்றாம் வாரத்தில் என் கதைக்கு ஏழு கடிதங்கள் வந்து சேர்ந்தபோது அந்த எரிச்சல் அகன்றது.

என் கதை இதுதான். பதினோரு ஆண்டுகளாகப் பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன், ஒரு பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டுத் தங்கையின் வீட்டுக்கு வருகிறார். ஒரு பிற்பகல் முழுவதும் இருவரும் வேறு எதையெதையோ பேசுகிறார்கள். மாலையில் அவர் புறப்படும்போது தங்கை கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாள். எழுதும்போது என் மனத்தில் இருந்தது, அவள் அவரை மன்னிக்கவில்லை, ஆனால் அவரோடு இருக்கும் அந்தக் கணக்கை முடித்துவிட விரும்புகிறாள் என்பது. ஏழு பேரின் நான்கு வாக்கியச் சுருக்கங்களை அருகருகே வைத்துப் படித்தேன். ஐந்து பேர் “அண்ணன் தங்கையை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிச் செல்கிறார்” என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். ஒருவர் “பிரிந்தவர்கள் சேர்கிறார்கள்” என்று எழுதியிருந்தார். ஒருவர் மட்டும் நான் எண்ணியதன் அருகில் வந்திருந்தார். எவரும் கதையைத் திட்டவில்லை. சொல்லப்போனால் ஐந்து பேரும் கதை பிடித்ததாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அவர்களுக்குப் பிடித்தது நான் எழுதாத ஒரு கதை.

கதைச் சுருக்கத்தை வாசகரிடம் கேட்பது எளிய செயலாகத் தோன்றும். என் அனுபவத்தில் இதற்கு இணையான சோதனை வேறு இல்லை. கருத்துக் கேட்டால் வாசகர் தம் ரசனையைச் சொல்வார். நம்மோடு அவருக்கு உள்ள உறவும் அதில் கலந்துவிடும். கதையைத் திரும்பச் சொல்லும்படி கேட்டால் தாளில் உண்மையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் சொல்ல முடியும். எழுதியவரின் மனத்தில் இருந்து தாளுக்கு வராமல் போனது எது என்பது அந்த நான்கு வாக்கியங்களில் தானாகத் தெரிந்துவிடுகிறது. என் கதையில் தங்கை கையெழுத்துப் போடும்போது என்ன நினைக்கிறாள் என்பதற்கான தடயம் ஒன்றுகூடத் தாளில் இல்லை. எல்லாம் என்னிடமே தங்கிவிட்டது.

அடுத்து, குறிக்கப்பட்ட இடங்கள். ஏழு கடிதங்களில் நான்கு, ஐந்தாம் பக்கத்தில் வரும் சமையலறைக் காட்சியை “கவனம் விலகிய இடம்” என்று காட்டின. அந்தக் காட்சியில் தங்கை காய் நறுக்குகிறாள்; அண்ணன் வாசற்படியில் நின்றபடி பழைய வீட்டின் கிணற்றைப் பற்றிப் பேசுகிறார். இரண்டு பக்கம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. பரிகாரம் சொல்லும் கட்டம் பின்னர் காணொளிக் கூட்டத்தில் வந்தபோது, அந்த நால்வரும் நான்கு வழிகளைச் சொன்னார்கள். காட்சி நீளம், பாதியாகக் குறைக்கலாம் என்றார் ஒருவர். கிணற்றைப் பற்றிய பேச்சு கதைக்கு வெளியே நிற்கிறது, அதை எடுத்துவிடலாம் என்றார் இன்னொருவர். உரையாடல் செயற்கையாக இருக்கிறது என்பது மூன்றாமவரின் எண்ணம். நான்காமவர், அங்கே ஒரு சண்டை வந்தால் விறுவிறுப்புக் கூடும் என்றார். நால்வரும் ஒரே இடத்தில் சோர்ந்திருக்கிறார்கள். காரணத்தில் மட்டும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை.

திருத்துவதற்குத் தரப்பட்ட இரண்டு வாரங்களில் முதல் வாரம் முழுவதும் அந்தக் காட்சியை வெட்டியும் ஒட்டியும் பார்த்தேன். குறைத்தபோது அது சிறிதாயிற்று, உயிர் வரவில்லை. கடைசியில் ஐந்தாம் பக்கத்தை விட்டுவிட்டுக் கதையைத் தொடக்கத்திலிருந்து வாய்விட்டுப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் இந்த வாக்கியம் இருந்தது: “அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும், கேட்டதும் போட்டுக் கொடுத்துவிடுவது என்று நேற்றிரவே முடிவு செய்திருந்தாள்.” அங்கேயே கதை முடிந்துவிடுகிறது. போடுவாளா மாட்டாளா என்ற கேள்வி வாசகரின் கையிலிருந்து பறிக்கப்பட்ட பிறகு, அவர் மூன்று பக்கங்களை நல்லெண்ணத்தால் கடந்து, ஐந்தாம் பக்கத்தில் களைத்து உட்கார்ந்திருக்கிறார். அந்த வாக்கியத்தில் காற்புள்ளிக்குப் பின்னால் இருந்ததை நீக்கினேன். “அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.” அவ்வளவுதான். சமையலறைக் காட்சியில் இரண்டு சொற்களைத் தவிர எதையும் தொடவில்லை. இப்போது அவள் நறுக்கும் ஒவ்வொரு காயிலும் அந்தக் கேள்வி இருந்தது. கிணற்றைப் பற்றிய பேச்சில் அவர் எதை நோக்கி நகர்கிறார் என்று வாசகர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியதாயிற்று.

பட்டறையில் நான் பெற்றவற்றுள் முதலிடம் தர வேண்டியது இதற்குத்தான். வாசகருக்கு வலி தெரியும், வலிக்கும் இடமும் தெரியும். நோயின் வேர் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேரைத் தேடுவது எழுதியவரின் வேலை, ஏனென்றால் கதை எப்படிக் கட்டப்பட்டது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். பெரும்பாலும் வேர், வலி தெரியும் இடத்துக்கு இரண்டு மூன்று பக்கங்கள் முன்னால் இருக்கிறது. நான்கு பரிகாரங்களையும் முதலிலேயே கேட்டிருந்தால் அவற்றுள் ஒன்றை ஏற்று என் கதையின் நல்ல பகுதியை நானே வெட்டி எறிந்திருப்பேன். முதல் கடிதத்தில் யோசனை கூடாது என்ற விதியின் மதிப்பு இங்கேதான் விளங்கியது.

இன்னொரு சிறிய இடத்தையும் காட்ட வேண்டும். மூன்றாம் பக்கத்தில் நான் எழுதியிருந்தது: “அண்ணன் தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். இந்த வீட்டில் அவர் இன்னும் அந்நியராகவே உணர்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. அவள் மனம் கனத்தது.” வாசகர் ஒருவர் இரண்டாம் மூன்றாம் வாக்கியங்களுக்கு அருகில், “டம்ளர் ஏற்கெனவே சொல்லிவிட்டது, நீங்கள் மறுபடியும் சொன்னபோது என்னை நம்பவில்லை என்று தோன்றியது” என்று எழுதியிருந்தார். இதே குறிப்பைப் பயிற்றுநர் “காட்டுங்கள், சொல்லாதீர்கள்” என்ற வழக்கமான பாடமாகச் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பேன். “என்னை நம்பவில்லை” என்ற சொல் தைத்தது. அந்த இரண்டு வாக்கியங்களையும் அடித்துவிட்டு முழுக் கதையையும் அதே கண்ணோடு பார்த்தபோது, இப்படி விளக்கம் சொல்லும் வாக்கியங்கள் மேலும் 14 இருந்தன.

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூல் பாயிரம் வகுக்கிறது. அது கதைக்காகச் சொல்லப்பட்டதில்லை. ஆயினும் அந்தப் பெயர்களைத் துணையாக வைத்துக்கொண்டு என் பிரதியைப் படித்தது மிகவும் உதவியது. டம்ளருக்குப் பின் வந்த வாக்கியங்கள் ‘கூறியது கூறல்’. தங்கையின் மனத்துக்குத் தடயமே வைக்காமல் விட்டது ‘குன்றக் கூறல்’. யாருடைய பார்வையில் காட்சி நடக்கிறது என்பதைப் பத்தியின் நடுவில் மாற்றியது ‘மயங்க வைத்தல்’. பட்டறையின் படிவத்தில் ‘குழம்பினேன்’ என்று இருக்கும் கட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. பெயர் தெரிந்த குற்றத்தைக் கண்டுபிடிப்பது எளிது என்பதால், படிவத்தோடு இப்படி ஒரு பெயர்ப்பட்டியலையும் தந்தால் நல்லது என்று நடத்துபவர்களுக்கு எழுதியிருக்கிறேன்.

கூட்டங்களில் கடைப்பிடிக்கப்படும் இன்னொரு விதி, கதையை எழுதியவர் மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது. இது இவர்களின் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய அயோவா எழுத்தாளர் பட்டறையின் வழியாகக் குழுவாக அமர்ந்து கதையை அலசும் முறை பரவியது. அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் 1956இல் மில்ஃபோர்டில் தொடங்கிய கூடுகையில், ஒவ்வொருவரும் முறைவைத்துப் பேச, எழுதியவர் இறுதியில் மட்டும் பதில் சொல்லும் ஒழுங்கு உருவாகி, 1968இல் தொடங்கிய கிளாரியன் பட்டறைக்கும் சென்றது. அந்த ஒழுங்கே சிறு மாற்றங்களோடு இங்கும் இருக்கிறது. எழுதியவரை இப்படி வாயடைத்து உட்கார வைப்பது அநீதி என்று வாதிடுபவர்களும் உண்டு. தம் உலகம் அறியாத வாசகர்களின் நடுவில் பேச வாய்ப்பின்றி அமர்வது ஒருவரை நொறுக்கிவிடக்கூடும் என்ற அந்த வாதத்தை நான் புறந்தள்ள மாட்டேன். இந்தப் பட்டறையில் அதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள்: எழுதியவர் கதையோடு மூன்று கேள்விகளை முன்கூட்டியே அனுப்பலாம், கூட்டம் அந்தக் கேள்விகளில்தான் தொடங்கும்.

மௌனமாக இருந்த அந்த 40 நிமிடங்கள் எனக்குக் கடினமாகவே இருந்தன. “இல்லை, அவள் அப்படி நினைக்கவில்லை” என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்ல முடியாததால் அதை என் குறிப்பேட்டில் எழுதினேன். கூட்டம் முடிந்தபோது அப்படி ஒன்பது மறுப்புகள் இருந்தன. மறுநாள் அவற்றைப் படித்தபோது ஒன்று தெரிந்தது: நான் வாய்திறந்து விளக்க விரும்பிய ஒன்பதும் கதையில் இருந்திருக்க வேண்டியவை. இதழிலோ நூலிலோ கதையைப் படிக்கும் ஒருவரின் அருகில் நின்று நான் விளக்கப்போவதில்லை. அந்தக் குறிப்பேட்டுப் பக்கமே என் திருத்தத்துக்கான முதல் திட்டமாயிற்று.

பிறருடைய கதைகளுக்குக் கடிதம் எழுதியது பற்றியும் சொல்ல வேண்டும்; கட்டணம் கட்டும்போது இதை ஒரு கடமையாகத்தான் எண்ணியிருந்தேன். இரண்டாம் வாரத்தில் ஒரு கதைக்கு “நடுப்பகுதி மெதுவாக நகர்கிறது” என்று எழுதி அனுப்பினேன். பயிற்றுநர் அதைத் திருப்பி அனுப்பி, “எந்த வரியில் முதலில் அப்படித் தோன்றியது?” என்று கேட்டார். திரும்பப் படித்து ஒரு பத்தியைக் காட்டினேன். “அந்தப் பத்தியில் நீங்கள் எதிர்பார்த்தது எது, வந்தது எது?” என்று மீண்டும் கேட்டார். அரை மணி நேரம் அந்தப் பத்தியோடு உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, கதை மெதுவாக நகரவில்லை என்று. அந்த இடத்தில் ஒரு நினைவோட்டம் தொடங்குகிறது; நிகழ்காலத்தில் ஒருவர் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்க, கதை பத்து ஆண்டுகள் பின்னால் போகிறது. கதவுக்குப் பின்னால் யார் என்று அறியும் ஆவலில் நான் அந்தப் பத்து ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துப் படித்திருக்கிறேன். “மெதுவாக” என்ற சொல்லுக்குள் இவ்வளவு இருந்தது. என் கதையிலும் கதவைத் தட்டிய உடனே ஒரு நினைவோட்டம் இருந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிறர் கதையில் பார்த்த குறையைத் தன் கதையில் காண்பது, பிறர் சுட்டிக் கேட்பதைவிடக் குறைவாக வலிக்கிறது, ஆழமாகப் பதிகிறது.

இந்தப் பட்டறையைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் ஏற்பாடு, திருத்திய வடிவத்துக்குக் கிடைக்கும் புதிய வாசகர்கள். ஒரு வாசகர் ஒரு கதையை ஒரு முறைதான் முதல் முறையாகப் படிக்க முடியும். பழைய வடிவத்தைப் படித்த ஏழு பேரும் திருத்திய வடிவத்தைப் படிக்கும்போது, நீக்கப்பட்ட வாக்கியமும் அவர்கள் மனத்தில் இருந்துகொண்டே இருக்கும். இல்லாத தகவலை நினைவிலிருந்து நிரப்பிக்கொள்வார்கள். எனவே இணையாக நடக்கும் இன்னொரு குழுவிலிருந்து, கதையை முன்பு பார்த்திராத இருவரை வரவழைக்கிறார்கள். அந்த இருவரின் சுருக்கங்களும் நான் எழுத நினைத்த கதையையே சொல்லின. ஒருவர் சமையலறைக் காட்சியைத் தம்மை இழுத்துக்கொண்ட இடமாகக் குறித்திருந்தார். பழைய ஏழு பேரில் மூவரின் சுருக்கங்கள் இன்னும் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் தேவை விளங்கும். இதைச் செய்யாத பட்டறையில், திருத்தம் பலித்ததா இல்லையா என்பதை எவராலும் சொல்ல முடியாது.

வாசகர்கள் முரண்படும்போது யாரைக் கேட்பது என்ற கேள்விக்குப் பட்டறை நேரடியாக விடை தரவில்லை. அனுபவத்தில் நானே ஒரு வழக்கத்துக்கு வந்தேன். மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டினால், அவர்கள் சொல்லும் காரணம் எதுவாக இருந்தாலும் அந்த இடத்தையும் அதற்கு முந்தைய பக்கங்களையும் மறுபடி பார்க்கிறேன். ஒருவர் மட்டும் சுட்டினால் தள்ளிவிடுவதில்லை. அவருடைய நான்கு வாக்கியச் சுருக்கத்தை எடுத்துப் பார்க்கிறேன். என் கதையைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒருவர் சொல்லும் ஒற்றைக் குறை, வேறொரு கதையைப் படித்த ஐந்து பேரின் பாராட்டைவிட எனக்கு மதிப்புள்ளது. டம்ளர் பற்றிய குறிப்பை எழுதியவர் அந்த ஒருவர்தான்.

இனிக் குறைகள். எட்டாம், ஒன்பதாம் வாரங்களில் வாரத்துக்கு நான்கு பிரதிகள் வருகின்றன. நம் கதை போக வாரத்துக்கு மூன்றோ நான்கோ கடிதங்கள் எழுத வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படிக்கச் சொல்கிறார்கள். வேலைக்குச் செல்பவர் ஒருவர் இதை நேர்மையாகச் செய்ய இயலாது. அந்த இரண்டு வாரங்களில் எனக்கு வந்த கடிதங்கள் குறுகியிருந்தன, நான் எழுதியவையும் குறுகியிருந்தன. இரண்டில் வரி எண்கள்கூட இல்லை. பட்டறையின் மிகச் சிறந்த பகுதியாக இருக்க வேண்டியது அவசரத்தில் கழிவது பெருங்குறை. கடைசிச் சுற்றை நீக்கிவிட்டு அந்த மூன்று வாரங்களையும் இதற்கே தந்திருக்கலாம். புதிய கதைக்கான சுற்றில் எல்லோரும் சோர்ந்திருந்தோம். அதைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை.

இதைவிடக் கவலை தந்த குறை, பயிற்றுநர் இறுதியில் தரும் தனி அறிக்கை. காணொளியில் எவ்வளவோ கட்டுப்பாட்டோடு நடந்துகொண்டவர், என் இரண்டாம் கதைக்கான அறிக்கையில் ஐந்து பத்திகளைத் தாமே மாற்றி எழுதி, “இப்படி இருந்தால் கூர்மையாக இருக்கும்” என்று அனுப்பியிருந்தார். கூர்மையாகத்தான் இருந்தன. என் வாக்கியங்கள் நீளமானவை, தயங்கித் தயங்கிப் பொருளுக்கு வருபவை. அவருடையவை வெட்டு வெட்டாக இருந்தன. அவற்றைக் கதையில் வைத்துப் பார்த்தபோது, அந்த ஐந்து பத்திகளிலும் வேறொருவர் வந்து பேசிவிட்டுப் போவதுபோல் இருந்தது. சந்தேகமின்றி அவர் நல்லெண்ணத்தோடு செய்தார். எனினும், எட்டுப் பேருக்கு அவர் பன்னிரண்டு வாரம் கற்பித்த விதியை அந்த அறிக்கையில் அவரே மீறினார்.

பதிப்பாசிரியர் எழுத்தாளரின் கையிலிருந்து பேனாவை வாங்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தெரிந்த வரலாறு உண்டு. அமெரிக்கச் சிறுகதையாசிரியர் ரேமண்ட் கார்வரின் கதைகளை அவருடைய பதிப்பாசிரியர் கோர்டன் லிஷ் பாதி அளவுக்குக் குறைத்து, சிலவற்றின் முடிவையும் மாற்றி, 1981இல் தொகுப்பாகக் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில், வெளியீட்டை நிறுத்திவிடும்படி மன்றாடிக் கார்வர் எழுதிய கடிதம் பின்னாளில் அச்சில் வந்திருக்கிறது. தொகுப்பு அவருக்குப் பெரும்புகழைத் தந்தது என்பதும் உண்மை. அவர் எழுதியபடியே அந்தக் கதைகள் தனி நூலானபோது ஆண்டு 2009. அவர் மறைந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்த வடிவம் மேலானது என்ற விவாதம் எப்படி முடிந்தாலும், ஒருவர் தம் பெயரில் வரும் கதையைத் தமது என்று சொல்ல முடியாமல் போவதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

மாறாக, 1924 நவம்பரில் பதிப்பாசிரியர் மாக்ஸ்வெல் பெர்கின்ஸ், அமெரிக்க நாவலாசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் புதிய நாவலைப் பிரதியில் படித்துவிட்டு எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்ளலாம். நாவலின் மையப் பாத்திரமான கேட்ஸ்பி மங்கலாகத் தெரிகிறான், மற்றவர்கள் கண்முன் நிற்பதுபோல் அவன் நிற்கவில்லை, அவனுடைய செல்வம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு குறிப்பாவது வேண்டும் என்று தம் வாசிப்பில் உணர்ந்ததைச் சொன்னார். சில வழிகளையும் கோடிகாட்டினார். நாவலை அவர் தம் கையால் மாற்றி எழுதவில்லை. அவன் எப்படி இருப்பான், என்ன தொழில் செய்தான் என்பது தமக்கே தெரிந்திருக்கவில்லை என்று ஃபிட்ஸ்ஜெரால்டு பதிலில் ஒப்புக்கொண்டு, அச்சுப்படிகளிலேயே பெருமளவு திருத்தினார். 1925 ஏப்ரலில் நாவல் வெளிவந்தது. வாசகர் மங்கலாக உணர்ந்த இடத்தில், எழுதியவரின் மனத்திலும் அது மங்கலாகவே இருந்திருக்கிறது. நல்ல குறிப்பு எழுத்தாளரை அந்த இடத்துக்கு அழைத்துச் சென்று நிறுத்துகிறது. பயிற்றுநருக்கு நன்றி சொல்லி எழுதிய மடலில் இதையும் எழுதினேன். அவர் வருந்தவில்லை, இனி அறிக்கையில் மாற்றி எழுதிய பத்திகளைத் தருவதற்கு முன் அது வேண்டுமா என்று கேட்பதாகப் பதில் வந்தது.

நாவல் எழுதுபவர்கள் இதில் சேர வேண்டாம். மூன்றாயிரம் சொற்களுக்குள் ஓர் அத்தியாயத்தை வெட்டி வைத்தால், வாசகர்கள் அதைச் சிறுகதையாகவே படிப்பார்கள். நாவலில் பின்னால் வரவிருப்பதற்காக விட்டுவைத்த இடங்களை எல்லாம் குறை என்று குறிப்பார்கள். எங்கள் குழுவில் ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. முதல் வரைவு இன்னும் ஈரம் காயாத கதையைக் கொண்டுவருவதும் நல்லதன்று. எழுதும் சூட்டில் வரும் ஏழு கருத்துகள் கதையை ஏழு திசைகளில் இழுக்கும். குறைந்தது ஒரு மாதம் பெட்டியில் கிடந்த, நாமே இரண்டு முறை திருத்திய, இனி நமக்கு ஒன்றும் தோன்றவில்லை என்ற நிலைக்கு வந்துவிட்ட கதையே இதற்கு உகந்தது. சேருமுன் நடத்துபவர்களிடம் நான்கு விவரங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: குழுவில் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை பிரதிகள், திருத்திய வடிவம் மறுபடி படிக்கப்படுமா, அதைப் படிக்கப் புதியவர்கள் வருவார்களா. கடைசி இரண்டுக்கும் ‘இல்லை’ என்று விடை வந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

பட்டறை முடிந்த பிறகும் எங்களில் நால்வர் மாதம் ஒரு கதை என்ற கணக்கில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். அதே படிவம்தான், ஒரு மாற்றத்தோடு. கதையைப் படித்த அன்றே நான்கு வாக்கியச் சுருக்கத்தை மட்டும் அனுப்புகிறோம். வரி எண்ணோடு கூடிய குறிப்புகள் ஒரு வாரம் கழித்தே செல்கின்றன. சென்ற மாதம் அனுப்பிய கதைக்கு மூன்று சுருக்கங்கள் வந்தன. மூன்றிலும் கடைசி வாக்கியம் வெவ்வேறாக இருந்ததைப் பார்த்துவிட்டு, குறிப்புகள் வருவதற்குள் கடைசிப் பக்கத்தை மறுபடி எழுதத் தொடங்கிவிட்டேன்.